முப்பத்தாறு அங்குலமும் ஜமீலா டீச்சரும்

போன வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அச்சகத்துத் தொலைபேசி அடித்தது. அப்போது கம்ப்யூட்டர் திரையில் ஜமீலா டீச்சர் வரைந்த சுடிதார் அளவுத்தாளைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன். கழுத்து வளைவில் ஒரு கோடு எனக்குப் பிடிபடவில்லை. மதியம் டீச்சர் வருவார், கேட்டுக்கொள்ளலாம் என்று அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சுழி போட்டு வைத்திருந்தேன். போனை எடுத்தால் அவர் கணவர் கனி பாய்.

"அண்ணாச்சி, ஜமீலா மவுத்தாயிட்டா. காலைல நெஞ்சு அடைக்குன்னா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சு போச்சு. அசர் தொழுகைக்குப் பொறவு எடுக்கோம், வந்துருங்க."

நல்ல மனிதனாக இருந்தால் எனக்கு முதலில் அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'ஐயோ, நான் இன்னும் போடவில்லையே' என்றுதான் வந்தது. எதைப் போடவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்த அஞ்சலியை நம் 'நூல்கண்டு' இதழின் முன்பக்கத்தில் போடாமல் கடைசிப் பக்கத்தில் போட்டிருப்பதற்கும் அதுதான் காரணம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 'நூல்கண்டு' பதினைந்து வருடமாகத் திருநெல்வேலி டவுணிலிருந்து வரும் தையல் மாத இதழ். ஆசிரியர், அச்சிடுபவர், பொட்டலம் கட்டுபவர் எல்லாம் நான்தான். ஆனால் ஜனங்கள் வாங்கியது என் தலையங்கத்துக்காக அல்ல. நடுவில் எட்டாக மடித்து வைத்திருக்கும் அளவுத்தாளுக்காக. அதைத் துணிமேல் விரித்து, சாக்கட்டியால் கோடு இழுத்து, அப்படியே வெட்டிவிடலாம். அந்தத் தாளை முதல் இதழிலிருந்து வரைந்தவர் மேலப்பாளையம் ஜமீலா டீச்சர். வீட்டு முன்னறையில் நான்கு தையல் மெஷின் போட்டுப் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார். அதனால் டீச்சர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் 'டீச்சர்' என்பேன், அவர் 'அண்ணாச்சி' என்பார். இத்தனை வருடத்தில் அது மாறவே இல்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அச்சு எந்திரத்திலிருந்து முதல் தாள் வந்ததும் எந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிடுவார். அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய், காடாத்துணியில் வெட்டி, ஒரு சட்டை தைத்து, அந்த அளவுள்ள ஒரு பிள்ளைக்குப் போட்டுப் பார்ப்பார். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர் வைத்திருந்தார். கை தூக்கு, குனி, தலைக்கு மேலே கும்பிடு என்று அந்தப் பிள்ளையைப் பாடாய்ப் படுத்துவார். எல்லாம் சரியாக இருந்தால் மறுநாள் வந்து, "ஓட்டுங்க அண்ணாச்சி" என்பார். அதற்கப்புறம்தான் மற்றப் பிரதிகள் அடிப்போம். ஒரு முழு நாள் எந்திரம் சும்மா கிடக்கும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நான் கம்ப்யூட்டர் வாங்கினேன். வாங்காமல் முடியாது. கேபிள் டிவி வீடு வீடாக வந்துவிட்டது. நேற்று இரவு நாடகத்தில் வந்த ஜாக்கெட்டை இன்று காலையில் கேட்கிறார்கள். துபாயிலிருந்து லீவில் வந்தவர்கள் ஆயிரம் டிசைன் அடங்கிய சிடி கொண்டுவந்து, அதைப் போட்டுக் காட்டும் கடைகளும் முளைத்துவிட்டன. நான் மட்டும் அளவுத்தாளைச் சிவகாசிக்கு அனுப்பிப் பிலிம் எடுத்து, பத்து நாள் காத்துக் கிடந்தால் எவர் வாங்குவார்? டீச்சரைக் கூப்பிட்டு அப்படி ஒரு சிடியைப் போட்டுக் காட்டினேன். அசையாமல் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. அளவு எங்க அண்ணாச்சி? யாரு உடம்புக்கு இது?" என்றார்.

"அதுக்குத்தான் நீங்க இருக்கிய. நீங்க வரைங்க, நான் இதுல ஏத்துதேன். இனி சிவகாசியும் வேண்டாம், காத்துக்கெடக்கவும் வேண்டாம்" என்றேன். எனக்கு அப்போது கால் தரையில் பாவவில்லை.

அந்த வருடத் தீபாவளி இதழ். டீச்சர் வரைந்த ஜாக்கெட் தாளைத் துண்டு துண்டாக ஸ்கேனரில் ஏற்றி, திரையில் சேர்த்து, டிரேசிங் தாளில் எடுத்தேன். ஓரத்துக் கோடுகள் விழவில்லை. பிரின்டர் ஓரம் வரைக்கும் அடிக்காதாம். படத்தின் அளவு நூறு சதவீதம் என்றிருந்த கட்டத்தில் தொண்ணூற்று நான்கு என்று தட்டினேன். எல்லாக் கோடும் அழகாக உள்ளே வந்து உட்கார்ந்தது. அடடா, எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அது எனக்கு ஒரு படம், அவ்வளவுதான்.

முதல் தாள் வந்ததும் வழக்கம்போல டீச்சர் கை நீட்டினார். "ஒரு நாள் போயிரும் டீச்சர். தீபாவளி கழிஞ்சா இதழை யாரு வாங்குவா? கம்ப்யூட்டருக்கு எதுக்கு வெள்ளோட்டம்?" என்றேன்.

"வெள்ளோட்டம் கம்ப்யூட்டருக்கு இல்ல அண்ணாச்சி, சட்டைக்கு."

"சட்டைக்கு ஒண்ணும் ஆவாது. நான் பாத்துக்கிடுதேன்."

அவர் ஒரு தாளை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் எந்திரத்தை ஓட்டினேன். மறுநாள் விடியக் கட்டுகள் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறிவிட்டன.

அன்று காலை ஒன்பது மணிக்கு அச்சக வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டீச்சர் இறங்கினார், கையில் காடாத்துணிச் சட்டை. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து என் மேசைமேல் கிடந்த தாளில் வைத்தார். "அண்ணாச்சி, இதுல முப்பத்தாறு எங்க இருக்கு? எனக்குக் காட்டுங்க."

அளந்தேன். திரும்ப அளந்தேன். மார்பளவு முப்பத்தாறு என்று அச்சிட்ட இடத்தில் முப்பத்துநாலுகூட முழுசாக இல்லை. உள்தையலுக்கு விட்ட துணியைப் பிரித்தாலும் காணாது. டவுண் கடைகளுக்கும் பாளையங்கோட்டைக்கும் ஆள் அனுப்பினேன். போன் உள்ள ஏஜென்டுகளுக்கெல்லாம் கட்டைப் பிரிக்காதீர்கள் என்று சொன்னேன். டீச்சர் அதற்குள் வாசகர் கடிதக் கட்டைப் பிரித்து ஒரு கார்டை உருவிவிட்டார். கல்லிடைக்குறிச்சியில் தையல் கடை வைத்திருக்கும் செண்பகம் எழுதியது. ஒரு கல்யாணப் பெண்ணின் கூறைச்சட்டை தன்னிடம் வந்திருப்பதாகவும், தீபாவளி இதழ் கைக்கு வந்ததும் வெட்டப்போவதாகவும் எழுதியிருந்தாள். கூறைச்சேலையோடு சேர்த்து நெய்த துணி அது. கெட்டுப்போனால் வேறு துணி கிடையாது.

"அங்கன போன் இருக்கா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப எந்திரிங்க."

அம்பாசமுத்திரம் பஸ்ஸில் டீச்சர் முன்னால் பெண்கள் சீட்டில், நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சேரன்மகாதேவியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் வருகிறபாடாக இல்லை. டிரைவர் இறங்கிப்போய் டீ குடித்தார். டீச்சர் ஒருதடவைகூடத் திரும்பவில்லை. டேப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். நான் மனசுக்குள் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்: 'டீச்சர் சரியாத்தாம்மா வரைஞ்சாவ. தப்பு என் மேல.' ஒரே வரி. வீரவநல்லூர் தாண்டுவதற்குள் அதை இருபது தடவை சொல்லிப் பார்த்திருப்பேன்.

நாங்கள் கடைக்குள் நுழைந்தபோது அரக்குப் பட்டு வெட்டிய துண்டுகளாக மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் நம் இதழ் விரிந்து கிடந்தது. செண்பகம் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுந்தாள். "வாங்க டீச்சர்! உங்க தாள்னா நான் டேப்பே வைக்க மாட்டேன் பாத்துக்கிடுங்க. அப்படியே போட்டு வெட்டிட்டேன்."

டீச்சர் துண்டுகளை அளந்தார். பிறகு விஷயத்தை உள்ளபடி சொன்னார். செண்பகம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஊரில் கல்யாண வேலை எடுக்கிற இடம் அவளுடையது ஒன்றுதான். இது வெளியே தெரிந்தால் அப்புறம் கொக்கி வைக்கக்கூட ஒருத்தி வரமாட்டாள். தெரியாமல் இருக்கவும் வழியில்லை. அந்தக் கல்யாணப் பெண்ணும் அவள் தாயாரும் மற்றச் சட்டைகளுக்கு அளவு கொடுக்க வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாள் தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார்கள். "கூறைச்சட்டையில கைய வச்சிட்டியளே, வெளங்குவியளா? எவ வரைஞ்சா இந்தத் தாள?"

கேள்வி வந்த உடனே என் ஒரு வரி தயாராக இருந்தது. வாயையும் திறந்தேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன்.

"நாந்தாம்மா வரைஞ்சேன்" என்றார் டீச்சர். அது உண்மைதான். வரைந்தவர் அவர்தானே.

சேலையின் உள்முனையில் நாலு விரல் துணி எடுக்கலாமா என்று செண்பகம் கேட்டாள். கட்டாத கூறையில் கத்திரி படக்கூடாது என்று அந்த அம்மாள் கையை ஓங்கிவிட்டார்கள். "சேலையத் தொட வேண்டாம்" என்றார் டீச்சர். கடைத்தெருவுக்கு என்னை அனுப்பிக் கரும்பச்சை வெல்வெட் துணி வாங்கிவரச் சொன்னார். சேலையின் கரையும் அதே பச்சை. அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் ஒரு பட்டை, கையிலும் ஒரு பட்டை. மெஷினில் டீச்சரே உட்கார்ந்தார். தைத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அந்த அம்மாள் சுவரோடு சாய்ந்து ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். டீச்சர், "கை தூக்கு. குனி. தலைக்கு மேல கும்பிடு" என்றார். எங்கேயும் இழுக்கவில்லை. பெண் கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "எம்மா, டிவியில வாரது மாரியே இருக்கும்மா!" என்றாள். தாயார் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். செண்பகம் மூலைக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. நான் முன்சீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, "அங்கன நான் சொல்லியிருக்கணும் டீச்சர்" என்றேன்.

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றார். பரவாயில்லை, விடுங்க என்றெல்லாம் சொல்லவில்லை. வீரவநல்லூர் தாண்டியதும், "அடுத்த இதழ்ல போட்டுருங்க" என்றார். போடுகிறேன் என்றேன்.

போட்டேன். 'தீபாவளி இதழ் அளவுத்தாளில் பிழை நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம்' என்று கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி. யார் பிழை என்று இல்லை. தாளின் மூலையிலோ 'வரைந்தவர் ஜமீலா' என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்? அவரைத் தேடிவந்து குறை சொன்னவர்கள் உண்டு, கடிதம் எழுதித் திட்டியவர்களும் உண்டு. அளவு தப்புகிற இடத்தில் என்ன படிப்பு என்று சில தாய்மார் தங்கள் பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். ஒரு மெஷின் நெடுநாள் உறை போட்டே கிடந்தது. அடுத்த மாதம் விவரமாகப் போடுவோம் என்று நான் தள்ளினேன். புது எந்திரத்தைப் பற்றி ஊரெல்லாம் பெருமை அடித்துவிட்டு, அதில் தப்புத்தட்டினது நான்தான் என்று எழுத மானம் இடங்கொடுக்கவில்லை. இதற்கிடையில் வெல்வெட் பட்டை வைத்த ஜாக்கெட் கேட்டுக் கடிதம் வர ஆரம்பித்தது. கூச்சமில்லாமல் அதை 'எங்கள் புதிய டிசைன்' என்று அட்டையில் போட்டேன்.

டீச்சர் வேலையை விடவில்லை. வெள்ளோட்டத்தையும் விடவில்லை. அதன்பிறகு நான் ஒருநாளும் தடுத்ததில்லை. இந்த வருடம் ஜங்ஷனில் இன்டர்நெட் கடை திறந்தபோது என்னைக் கூட்டிக்கொண்டு போனவரே அவர்தான். எந்தெந்த நாட்டுத் துணியெல்லாமோ திரையில் பைய இறங்கியது. "இதெல்லாம் பாத்துட்டு வருவாளுவ அண்ணாச்சி. வந்தா நம்மகிட்ட அளவு இருக்கணும்" என்றார். ஒவ்வொரு மாதமும் இதழ் வந்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார். வலமிருந்து இடமாக அரபு எழுத்துப் படித்த பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்ன, அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது. திருத்தம் போடுகிற இடம் அது என்று எனக்குத் தெரியாதா?

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேலப்பாளையம் போனேன். அன்னிய ஆண் என்பதால் முகம் பார்க்க எனக்கு முறையில்லை. ஆண்களோடு தெருவில் நின்றேன். அவரைச் சுமந்த சந்தூக் வெளியே வந்தபோது கனி பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உடம்புல சுத்துத கபன் துணிய அவகிட்டப் படிச்ச பிள்ளைகதான் வெட்டிச்சு அண்ணாச்சி. அழுதுக்கிட்டேயும் ரெண்டு மட்டம் அளந்துட்டுத்தான் கத்திரிய வச்சாளுவ." அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அடக்கம் செய்த கபர்ஸ்தான் வரை கூடவே நடந்தேன்.

இந்த இதழ் அளவுத்தாளில் கழுத்து வளைவை நான் தொடவில்லை. அவர் வரைந்தபடியே, நூற்றுக்கு நூறு அளவில் இருக்கிறது. முதல் தாளை அவருடைய பிள்ளைகள் காடாத்துணியில் தைத்துப் பார்த்த பிறகே எந்திரம் ஓடியது. போய் வாருங்கள் டீச்சர். மூன்று வருடமாக நீங்கள் தேடியது கீழே இருக்கிறது.

திருத்தம்: மூன்று வருடங்களுக்கு முந்தைய நம் தீபாவளி இதழில் வந்த ஜாக்கெட் அளவுத்தாளை ஜமீலா டீச்சர் சரியாகவே வரைந்திருந்தார். அதைச் சுருக்கியவன் நான். வெள்ளோட்டம் பார்க்கவிடாமல் தடுத்தவனும் நான்.

- ஆசிரியர்