எட்டுப் பேரில் நான்கு பேர்

சிவகாசிக்குக் கிழக்கே இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் காயத்துக்கு மருந்து போடுவது ஆவுடைத்தாயின் வேலை. சாத்தூரில் எட்டாவது வரை படித்தவள். தீப்பட்ட கையில் மஞ்சள் களிம்பு தடவித் துணி சுற்றியதும், யார், என்றைக்கு, எந்தக் கொட்டகை என்று நோட்டில் எழுதிவைப்பாள். அவள் புருஷன் சங்கிலிமுத்து அதே கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் இருந்தான். எட்டே பேர் வேலை செய்யும் சின்னக் கட்டடம். கதவு ஒன்றுதான்.

1961 தை மாதம், அதிகாரி பார்வையிட வருகிறார் என்று மேனேஜர் மாரிசாமி அவளுடைய நோட்டை வாங்கிக்கொண்டு போனார். முந்தைய வருடத்துக் காயங்களை ஒரு பெரிய அட்டையில் படமாக வரையச் செய்து ஆபீஸ் சுவரில் மாட்டினார். கொட்டகைக்கு ஒரு சிவப்புத் தூண். காயம் கூடினால் தூண் உயரும். பெட்டி அடைக்கும் கொட்டகையில் பதினெட்டுப் பேருக்குக் காயம் என்பதால் அதன் தூண் அட்டையின் உச்சியைத் தொட்டது. மருந்து அறைக்கு நான்கு. அந்தத் தூண் தரையோடு தரையாகக் கிடந்தது.

மாரிசாமி போர்மேனிடம் சொன்னது ஆவுடைத்தாயின் காதில் விழுந்தது. "தண்ணித் தொட்டி, மணல் வாளி, புதுக் கதவு எல்லாம் பெட்டிக் கொட்டகைக்குப் போகட்டும். மருந்து ரூம்புல நெலம நல்லாத்தான் இருக்கு. சீசனுக்கு அங்கன கலவையக் கூட்டிக்கிடலாம்."

அந்த நான்கு பேரின் கைகளையும் கழுவித் துடைத்தவள் அவள்தான். அவர்களில் ஒருவனான சுடலையின் விரல்களைப் பிரித்துத் துணி சுற்றியபோது அவன் கத்தின கத்தல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

சாயங்காலம் சங்கிலிமுத்துவிடம், "வேற கொட்டகை கேளுங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

அவன் சிரித்தான். "ஏ புள்ள, படத்தப் பாத்தேல்ல? எங்க ரூம்புத் தூணுதான் இருக்கறதுலயே குட்ட."

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் அவள் பயம் இரண்டு பங்கானது.

மறுநாள் மத்தியானம் ஆள் கணக்கை எடுத்துப் பார்த்தாள். பெட்டிக் கொட்டகையில் நூற்று எண்பது பேர். அதில் பதினெட்டு என்றால் பத்துக்கு ஒருவர். மருந்து அறையில் எட்டுக்கு நான்கு, அதாவது இரண்டு பேருக்கு ஒருவர்.

மேனேஜரிடம் போனாள். "அய்யா, நூத்துக்கு எத்தனைன்னு பாருங்க. பெட்டிக் கொட்டகைக்குப் பத்து வருது. மருந்து ரூம்புக்கு அம்பது வருது."

"எட்டுப் பேர வச்சு நூத்துக்குக் கணக்குப் போடாத தாயி. ஒருத்தன் கூடினா அறுபதத் தாண்டிரும், ஒருத்தன் கொறஞ்சா நாப்பதுக்குக் கீழ போயிரும். ஒரு வருசத்துப் போதாத காலத்த வச்சு என்னத்தச் சொல்ல?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திரும்பி வந்தாள். பழைய நோட்டுகளைப் பிரித்தபோது, மேனேஜர் சொல்வதே சரியாக இருக்கட்டும் என்றுதான் மனம் வேண்டியது. மருந்து அறையில் 1959இல் ஐந்து பேர். 1958இல் மூன்று பேர். பெட்டிக் கொட்டகையில் மூன்று வருடமும் பத்துக்கு ஒருவரை ஒட்டியே வந்தது. போதாத காலம் மூன்று வருடமா தொடர்ந்து வரும்?

அச்சாபீசில் கழித்துப்போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கம் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டாள். ஆளுக்கு ஒரு வட்டம், எல்லாம் ஒரே அளவு. காயம்பட்டவர் வட்டத்தை மட்டும் கரியால் நிரப்பினாள். பெட்டிக் கொட்டகையின் தாள் வெள்ளைவெளேரென்று, அங்கங்கே கறுப்புப் புள்ளிகளோடு இருந்தது. மருந்து அறைக்கு வருடத்துக்கு ஒன்றாகப் போட்ட மூன்று சின்ன வரிசைகளில் சரிபாதி கறுத்துக் கிடந்தது.

புருஷன் வேலையும் தன் வேலையும் போய்விடுமோ என்ற பயத்தோடே தாள்களை மேனேஜரின் மேசையில் வைத்தாள். அவர் கறுத்த வட்டங்களை விரலால் எண்ணிப் பார்த்தார்.

"இதுல ஒன் வீட்டுக்காரன் எது?"

கடைசி வரிசையில் ஒரு வட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். "அவுக இன்னும் வெள்ளையாத்தான் இருக்காக அய்யா."

மாரிசாமி தாள்களை மடித்து எடுத்து வைத்துக்கொண்டார். அந்த மாதமே மருந்து அறையின் பின்சுவரை இடித்து இன்னொரு கதவு வைத்தார்கள். ஒரு தடவை கலக்கும் மருந்தும் பாதியானது.

சித்திரை வெயிலில், ஒரு முற்பகலில், அந்த அறை வெடித்தது. ஆவுடைத்தாய் ஓடினாள். புகைக்குள் முகம் தெரியவில்லை. பின்கதவு வழியாக ஒவ்வொருவராக விழுந்து எழுந்து வந்தார்கள். அவள் எண்ணினாள். ஐந்து, ஆறு. ஏழாவதாக வந்தவனுக்குத் தலைமுடி கருகி, இரண்டு கையும் தோலுரிந்திருந்தது. குரலை வைத்துத்தான் சங்கிலிமுத்து என்று கண்டுகொண்டாள். எட்டாவதாக யாரும் வரவில்லை. சுடலை உள்ளேயே இறந்துபோனான்.

சங்கிலிமுத்துவின் கை ஆற ஏழு மாதமானது. சோற்றைப் பிசைந்து ஊட்டியபடியே, "இனி அந்தப் பக்கம் போகக் கூடாது" என்று தினமும் சொன்னாள். அவனும் போகவில்லை, சாத்தூர் ஸ்டேஷனில் லோடு ஏற்றும் வேலைக்குப் போனான்.

அறையை மறுபடி கட்டி, புதிதாக எட்டுப் பேரை எடுத்தார்கள். அவர்கள் பெயரை முதல் நாளே ஆவுடைத்தாய் கேட்டு வைத்துக்கொண்டாள். 1968இல் வேலையை விடும்வரை, சாயங்காலம் அந்த எட்டுப் பேரும் வெளியே வந்ததைக் கண்ணால் பார்க்காமல் அவள் வீட்டுக்குக் கிளம்பியதே இல்லை.