ஜட்ஜம்மாவின் பதினான்கு

என் அக்காவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒருமுறை பச்சை முட்டைகளுக்கு நடுவில் ஒரு அவித்த முட்டையைச் செருகி வைத்துவிட்டு, அவள் அதை உடைக்கப்போகும் அழகைப் பார்க்கக் காத்திருந்தேன். கையில் எடுத்தவள், சமையலறை பல்புக்கு நேரே ஒரு நொடி பிடித்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், “இதை நீயே தின்னுடி” என்று என் பக்கம் உருட்டிவிட்டாள்.

அவள் பிழைப்பே அதுதான். முட்டை தரம் பிரிக்கும் கூடத்தில் ஒரு இருட்டறை. அடியில் விளக்கெரியும் உருளைகள்மேல் முட்டைகள் வரிசையாக உருண்டு வரும். மயிரிழை விரிசல், ஊசிமுனை அளவு ரத்தப்புள்ளி, எதுவானாலும் அக்காவின் கை போய் எடுத்துவிடும். கழிக்கிற முட்டைக்குக் காரணம் எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். விரிசலா, ரத்தமா, அழுக்கா என்று சீட்டில் குறிக்காமல் ஒரு முட்டையையும் தள்ள முடியாது. பதினோரு வருஷமாக அப்படியே பழகிவிட்டவள், வீட்டிலும் காரணம் இல்லாமல் எதையும் விடமாட்டாள். நான் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தபோது அவள் கேட்ட காரணத்துக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

அவள் மகளுக்கு ஏழு வயது. எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பதால் நான் வைத்த பெயர் ஜட்ஜம்மா. ஒரு புதன்கிழமை அவளுடைய பையிலிருந்து நீளமான உறை ஒன்று வந்தது. நாடு முழுக்க அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே கேள்வித்தாள் கொடுத்து நடத்தும் தேர்வின் முடிவு. வாசிப்புக்கு நேரே எழுபத்தொன்பது. கணக்குக்கு நேரே பதினான்கு. கூடவே ஒரு படிவம். திங்கட்கிழமை முதல் கணக்குப் பாடத்துக்கு மட்டும் ஜட்ஜம்மா தன் வகுப்பை விட்டுத் துணை வகுப்புக்குப் போகவேண்டுமாம். வெள்ளிக்குள் பெற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். மாமா லாரியில் எங்கேயோ ஊர் தாண்டி ஊர் போய்க்கொண்டிருந்தார். போனில் கேட்டதற்கு, உனக்குச் சரின்னு பட்டதைச் செய் என்று பாரத்தை அக்கா தலையிலேயே இறக்கிவிட்டார்.

நான் பெரிய மேதாவி மாதிரி தாளை வாங்கி, நூற்றுக்குப் பதினான்கு, பெயில், குடும்பப் பாரம்பரியம் காப்பாற்றப்பட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

“எந்த நூறு?” என்றாள்.

“எந்த நூறுன்னா?”

“கேள்வி முப்பதுதான்னு இங்கயே போட்டிருக்கு. முப்பது கேள்விக்கு நூறு எங்கேருந்து வந்துச்சு?”

அந்தத் தாளை அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பழக்கதோஷம். காகிதத்துக்குள் ரத்தப்புள்ளியா தெரியும்?

கையெழுத்துப் போட அவள் ஏன் இவ்வளவு தயங்கினாள் என்பது எனக்குத் தெரியும். அவளை இதே வயதில் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்களாம். எட்டாம் வகுப்பில் பள்ளியை விட்டு நின்றபோதும் அவள் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. அம்மா சொல்லித் தெரியும்.

மறுநாள் மதியமே ஷிப்ட் முடித்துப் பள்ளிக்குப் போனாள். துணைக்கு நான். இந்தக் கட்டடங்களைக் கண்டாலே எனக்கு இப்போதும் வெளியே போகும் வாசலைத் தேடத் தோன்றும். டீச்சர் எங்களைக் குட்டி நாற்காலிகளில் உட்கார வைத்தார். முழங்கால் இரண்டும் தாடையை இடித்தன.

அக்கா அந்த நூற்றைப் பற்றிக் கேட்டாள். டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. இதுவரை யாரும் கேட்டதில்லையாம், எல்லோரும் மதிப்பெண் என்றே நினைத்துத் திட்டுவார்களாம், இல்லை அழுவார்களாம். அது மதிப்பெண்ணே இல்லை, இடம் என்றார். இந்த வயதுப் பிள்ளைகள் நூறு பேரை மதிப்பெண் வரிசைப்படி நிற்க வைத்தால், பதினான்கு பேர் இவளுக்குப் பின்னால் நிற்பார்கள். மற்றவர்கள் முன்னால்.

“சரி டீச்சர். காரணம் என்ன?”

“புரியலையே.”

“பின்னாடி தள்ளினா காரணம் இருக்கணுமில்ல. எந்தக் கணக்கைத் தப்பாப் போட்டா?”

டீச்சர் அலமாரியைத் திறந்து ஜட்ஜம்மாவின் விடைத்தாளை எடுத்துப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தப்பு என்று ஒன்றுகூட இல்லை. பதினொரு கேள்விக்கு விடை எழுதியிருக்கிறாள், பதினொன்றும் சரி. மீதிப் பத்தொன்பதும் வெறும் கட்டம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

அந்தப் புள்ளியைப் பார்த்ததும் அக்காவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. ஜட்ஜம்மாவைக் கூப்பிடச் சொன்னாள்.

அவள் சாக்பீஸ் கையோடு வந்து நின்றாள். இது என்ன புள்ளி என்று டீச்சர் கேட்க, இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள்.

“சந்தேக ட்ரே.”

டீச்சர் எங்களைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். நான்தான் விளக்க வேண்டியதாயிற்று. கூடத்தில், நல்லதா கெட்டதா என்று உடனே சொல்ல முடியாத முட்டையை ஒரு புள்ளி வைத்துத் தனி ட்ரேயில் ஒதுக்குவார்கள். ஷிப்ட் முடிவில், நிதானமாக, இன்னொரு தரம் பார்ப்பார்கள். லீவு நாளில் இவர்கள் இரண்டு பேரும் வீட்டு முட்டையை வைத்து இதே விளையாட்டு விளையாடுவார்கள். தரையில் பாய், கையில் டார்ச், துளி சந்தேகம் வந்தாலும் ஒதுக்கு. இதில் குழந்தையை அக்கா பாராட்டுவாள் பாருங்கள், எனக்கே பொறாமையாக இருக்கும்.

“கடைசில பாக்கலாம்னு வச்சேன்,” என்றாள் ஜட்ஜம்மா. “அதுக்குள்ள பெல் அடிச்சிட்டாங்க.”

வாசிப்பில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லையாம்.

டீச்சர் அந்தப் பத்தொன்பது கேள்விகளையும் அவள் முன்னால் வைத்து, கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேஜைக்கடியில் வைத்தார். நாங்கள் வராந்தாவில் நின்றோம். அக்கா ஜன்னல் பக்கம் போகவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த வாய்ப்பாட்டை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பதறாமல் இருக்க நான் நாலைந்து ஜோக் அடித்தேன். ஒன்றும் காதில் விழவில்லை. ஐம்பது நிமிஷம்.

பத்தொன்பதில் பதினைந்து சரி.

“இதுக்காக அந்தப் பதினாலு பொய்னு சொல்ல மாட்டேன்,” என்றார் டீச்சர். “அரை மணி நேரத்துல இவ எவ்வளவு முடிச்சாளோ, அதைத்தான் அது சொல்லுது. கணக்கு வராதுன்னு அது சொல்லல. அதை நாங்களா படிச்சுக்கிட்டோம்.”

துணை வகுப்பு வேண்டாம், இங்கேயே இருக்கட்டும், நேரத்துக்குள் முடிக்க மட்டும் பழக்க வேண்டும், அது வீட்டிலிருந்து வந்தால்தான் நடக்கும் என்றார். அக்கா படிவத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவள் விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துவிட்டாள். பதினோரு வருஷமாக, இப்போது சொல்லப்போவதற்கு நேர் எதிராகச் செய்துதானே சம்பளம் வாங்குகிறாள்.

“டெஸ்ட்ல சந்தேகம் வந்தாலும் ஒண்ணை எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிடணும், கண்ணு.”

“தப்பாயிட்டா?”

“ஆகட்டும்.”

ஜட்ஜம்மா அம்மாவை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள். ஆதாரம் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“எனக்குப் பின்னாடி நிக்கிற பதினாலு பேரும் ஏன் நிக்கிறாங்க டீச்சர்?”

டீச்சர், அவர்கள் இந்த வகுப்புப் பிள்ளைகள் இல்லை, அது ஒரு கணக்குத்தான் என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, அலமாரியில் அடுக்கியிருந்த, இன்னும் யாரும் காரணம் தேடிப் பார்க்காத மற்ற விடைத்தாள்களைப் பார்த்தார். வீட்டுக்குப் போகிற அவசரத்திலிருந்த அக்கா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.