அண்ணாவை வரைந்த போலந்துக்காரர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் போலந்துக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். வார்சோவில் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரமும் நாடகங்களுக்குச் சுவரொட்டியும் வரைந்து பேரெடுத்தவர். மந்திரி ஒருவரைக் கொழுத்த வாத்தாக வரைந்ததால் வேலை போய், எட்டு மாதம் சிறையிலும் இருந்தாராம். ரொறன்ரோவிலோ, மோலில் ஒரு மேசை போட்டு, சாமான் வாங்க வருகிறவர்களின் மூக்கைப் பெரிதாக்கி வரைந்துகொண்டிருந்தார். அவர்கள் சிரித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை என்பதுதான் அவருடைய மனக்குறை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஊரில் சண்டை நடந்த காலத்தில், அண்ணா ஒருநாள் காலை டியூஷனுக்குப் போய்த் திரும்பி வரவேயில்லை. பிறகு வீடும் எரிந்து, படங்களும் போயின. அண்ணாவின் முகம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை.

பனி கொட்டிய ஒரு ஞாயிறு பின்னேரம், அம்மா ஒரு டப்பாவில் வடையுடன் அவர் கதவைத் தட்டினார். இங்கிலீஷுக்கு நான்.

அம்மா சொல்லச்சொல்ல அண்ணாவை வரைந்து தரவேண்டும் என்று கேட்டதும் அவர் தயங்கினார். தனக்குச் சிரிக்க வைக்கும் முகங்கள்தான் வரும் என்றார். அம்மா எழும்பவில்லை.

"காது ரெண்டும் விரிஞ்சு நிக்கும் எண்டு சொல்லு. சிரிக்கேக்க இடது கண் மூடிப்போகும்."

சொன்னேன். வீட்டில் என்ன குழப்படி செய்வான் என்று அவர் கேட்டார்.

"சுடச்சுடத் தோசையைக் களவா வாயில அடைஞ்சுபோட்டு, ஒண்டும் தெரியாதவன் மாதிரி நிப்பான்."

பென்சில் ஓடியது. முறம் போன்ற காதுகள், வீங்கிய கன்னம், மூடிய ஒரு கண். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். கனடா வந்தபின் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது.

எனக்கு ஆத்திரம் வந்தது. "அண்ணாவை நக்கலடிக்கிறார் அம்மா!" என்று கத்தியபடி தாளைப் பறித்து, துண்டு துண்டாகக் கிழித்தேன்.

அம்மா என்னை அடித்தார். பிறகு தரையில் முழங்காலில் இருந்து துண்டுகளைப் பொறுக்கினார்.

"உவன்தானடி என்ர பிள்ளை. உவனேதான்."

மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. அடுத்த ஞாயிறு புதுப்படம் ஒன்றைத் தானே கொண்டுவந்தார். அளவான காது, திறந்த இரு கண்கள், வாரிய தலை. அம்மாவிடம் அல்ல, என்னிடம் நீட்டி, இது பரவாயில்லையா என்று கேட்டார். நல்லாயிருக்கிறது என்றேன்.

"ஓம், வடிவாத்தான் இருக்கு," என்றார் அம்மா.

இவ்வளவு அழகான படத்தை அம்மா ஏன் ஒருநாளும் சுவரில் மாட்டவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.