கிடைக்குப் போன அப்பா

நர்சிங் என்பது அடுத்தவர் வீட்டு அப்பாவுக்கு முதுகு தேய்த்துவிடுகிற வேலை. அதை வெளிநாட்டுக்குப் போய்ப் படிப்பதென்றால், நம்ம வீட்டு அப்பாவை அந்நேரம் யார் பார்க்கிறார்கள் என்று நினைக்காமலிருக்கவும் சேர்த்துப் படிக்க வேண்டும். என்னைப் போல போய் மாட்டிக்கொண்ட அக்கா தங்கச்சிமாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எப்போதும்வென்றான் என்கிற ஊரில் ஆடு வைத்துப் பிழைக்கிறவர் மகள் நான். கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, இரண்டாயிரத்துச் சொச்சத்தில் மேல்படிப்புக்கு நியூசிலாந்து போனேன். அம்மா வேண்டாம் என்று அழுதாள். அப்பாதான் பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸில் வைத்து, "அழுதா அழட்டும். நீ ஏறுட்டி" என்றார்.

செருமல்

பயிற்சிக்கு ஒரு முதியோர் இல்லத்தில் போட்டார்கள். எனக்குக் கிடைத்தவர் எண்பது தாண்டிய டாம். பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அதுதான் மரியாதை என்று எனக்குப் பயிற்சி கொடுத்த சிஸ்டர் சொல்லிவிட்டார். நல்ல மரியாதை போங்கள்! எங்கள் ஊரில் அந்த வயசுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அன்றைக்குச் சோறு கிடையாது.

டாம் என்று சொல்ல வாயைத் திறப்பேன், வராது. அப்பாவை அம்மா கூப்பிடுவது போல வாசலில் நின்று தொண்டையைச் செருமுவேன். அவர் திரும்பிப் பார்த்ததும் உள்ளே போவேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த டாம் சிஸ்டரிடம் சொன்னார்: "எனக்கு மாத்திரை அப்புறம் கொடுக்கலாம். முதலில் இந்தப் பெண்ணின் இருமலுக்கு எதையாவது கொடுங்கள்."

ஒன்றுமில்லை

பக்கத்து அறைப் பாட்டிக்கு வயிற்றில் புற்று. "நான் பிழைப்பேனா?" என்று என் கையைப் பிடித்தார். ஊர் வழக்கப்படி, "ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டேன். கோவில்பட்டியில் டாக்டரே அதைத்தானே சொல்வார்!

சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தார். எங்கள் பக்கம் நோயாளியிடம் உண்மையைச் சொல்வது பாவம் என்று அவருக்கு விளங்கவைக்கப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அவரோடு உட்கார்ந்து அழு, பரவாயில்லை. பொய் மட்டும் சொல்லாதே."

ஞாயிற்றுக்கிழமை போன்

வீட்டில் போன் கிடையாது. தெருமுனையில் பாய் கடைக்கு அடித்தால், அவர் ஆள் விட்டு அம்மாவைக் கூப்பிடுவார். கொஞ்சம் கழித்து நான் மறுபடி அடிக்க வேண்டும். முன்பெல்லாம் அம்மாவுக்கு முன்னால் அப்பா ஓடிவந்து நிற்பார். அந்த வருஷம் பரீட்சை நெருங்க நெருங்க அம்மா மட்டும்தான் வந்தாள். கேட்டால், அப்பா கிடைக்குப் போயிருக்கிறார் என்பாள்.

கிடை என்றால், புழுக்கை உரமாகட்டும் என்று அடுத்தவர் காட்டில், அதாவது புஞ்சை நிலத்தில், ஆடுகளை ராத்தங்கலுக்கு அடைத்துப் போடுவது. ஆட்டோடு ஆள் கிடக்க வேண்டும். அப்பா பாதி ஆயுசைக் காட்டில்தான் கழித்தார். அதனால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பாய்தான் ஒருநாள், எப்போதும் விசாரிக்கிற எதையும் விசாரிக்காமல், "பரீட்சைய மட்டும் நல்லா எழுதிரும்மா" என்றார்.

டாம் கேட்ட கேள்வி

டாம் வாழ்நாளெல்லாம் ஆட்டுப்பண்ணை வைத்திருந்தவர். அவர் பாதமும் அப்பா பாதம் மாதிரியே பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். களிம்பு தேய்க்கையில் ஊர்க்கதை கேட்பார். அன்றைக்கு ஒரே உற்சாகம் எனக்கு. "இப்போது எங்களுக்குக் கார்த்திகை மாசம். கரிசல் பூராவும் பச்சை. உளுந்தும் பருத்தியும் ஒரு முழ இடம் விடாமல் நிற்கும்" என்று அளந்துகொண்டிருந்தேன்.

அப்பா கிடைக்குப் போயிருப்பதையும் சொன்னேன். கிடை என்ன என்பதையும் விளக்கினேன். டாம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "காடு முழுக்கப் பயிர் நின்றால், உன் அப்பா ஆட்டை எங்கே அடைப்பார்?"

எங்கே அனுப்ப?

எனக்குக் கை நின்றுபோனது. பயிர் அறுத்து, காடு வெறுங்காடாகக் கிடக்கையில்தான் கிடை. மழைக்காலத்தில் ஆடு ஊர்ப் பட்டியில் அடையும், அப்பா வீட்டில் படுப்பார். பிறந்ததிலிருந்து பார்த்தது, கடல் தாண்டியதும் மறந்திருக்கிறது பாருங்கள்.

அங்கிருந்தே பாய் கடைக்கு அடித்தேன். "மாமா, பயிர் நிக்குத காட்டுல எவன் கிடை போட விடுதான்?" என்றேன். பாய் தானே போய் அம்மாவைக் கூட்டிவந்து, நான் மறுபடி அடித்ததும் போனை அவள் கையில் கொடுத்துவிட்டார். ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்றைக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. பரீட்சை முடிகிறவரை பிள்ளை காதில் போடாதே என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடியிருக்கிறார். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லையே என்று கத்தினேன். "அதுக்குன்னு வாராவாரம் கிடைக்குப் போயிருக்காவன்னா சொல்லுவ?" என்று கேட்டேன். அம்மா அழுதுகொண்டே சொன்னாள்: "வேற எங்கனட்டி அனுப்ப? கிடைய விட்டா அவிய போற எடம் எனக்கு எது தெரியும்?"

மறுநாள்

மறுநாள் டாம் அறையில் செருமாமல் போய் நின்றேன். "அப்பா ஆட்டை எங்கே அடைத்தாராம்?" என்றார். பொய் சொல்லக் கூடாது அல்லவா? சொல்லிவிட்டேன். தண்ணீர் பேசின், துண்டு எல்லாம் என் கையில் இருந்தது. அவர் கஷ்டப்பட்டுக் காலை நகர்த்திக் கட்டிலில் இடம் விட்டார். "உட்கார். இன்றைக்கு என் முதுகு அழுக்காகவே இருக்கட்டும்."

பரீட்சை எழுதினேன், பாஸும் ஆனேன். ஆனால் ஊரிலிருந்து யார் போன் பண்ணி "எல்லாரும் சௌக்கியம்" என்றாலும், காட்டில் இப்போது என்ன பயிர் நிற்கிறது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் இன்றுவரை நம்புகிறேன்.