முட்டை அட்டைக்காகப் பூட்டிய மண்டபம்

ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். பூட்டுக்குக் காரணம் நான்.

அம்மனை நம்பியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். சாந்தமான மனதோடு எழுதவில்லை. கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் அவள் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள் ஆவேன்.

என் பெரியம்மா தங்கமணி, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். ஓய்வு என்ற வார்த்தையை அவர் பென்ஷன் படிவத்தில் மட்டும்தான் எழுதினார். வேலையை விட்டு வந்த அடுத்த ஞாயிறே கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கிப் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டார். நான்கு வருடங்களாக ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. பாடப் புத்தகத்தைத் தொடவே மாட்டார். கதை கட்டுவது, நாடகம் போடுவது, முகமூடி செய்வது, தாங்களே செய்தி எழுதிச் சுவரில் ஒட்டுவது. வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் ஊர்ப் பிள்ளைகள். மீதிப்பேர் கோழிப்பண்ணைகளில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களின் பிள்ளைகள்.

நான் திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வீட்டிலிருந்தே சேலத்துக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறவள். ஞாயிறானால் பெரியம்மாவோடு மண்டபத்துக்குப் போய்விடுவேன். சும்மா இருக்கத் தெரியாது எனக்கு. ஆடித் திருவிழாவில் பிள்ளைகள் போடப்போகும் நாடகத்துக்கு முகமூடி வேண்டும் என்றதும், முட்டை அடுக்குகிற அட்டை நினைவுக்கு வந்தது. பண்ணைகளில் கிழிந்த அட்டை குவிந்து கிடக்கும். ஊறவைத்து அரைத்தால் எந்த உருவம் வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

"கழுவிக் காய வெச்சுக் கொண்டா கண்ணு" என்றுதான் பெரியம்மா சொன்னார். எனக்கு அவசரம். எப்படியும் தண்ணீரில் ஊறப்போவதுதானே என்று, நாற்பது அட்டைகளை வண்டியில் கட்டி அப்படியே மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கினேன்.

எங்கள் அம்மன் சைவம். கோயிலுக்குள் முட்டை வாசமே ஆகாது. ஒரு அட்டையில் உடைந்த ஓடும் காய்ந்த மஞ்சள் கருவும் ஒட்டியிருந்திருக்கிறது. யாரோ அதைப் படம் பிடித்து, அம்மன் மண்டபத்தில் முட்டை என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். மத்தியானத்துக்குள் தர்மகர்த்தா பழனியப்பன் மாமா பூட்டும் கையுமாக வந்து நின்றார்.

"ஏனம்மிணி, காலேஜ் படிச்ச புள்ள. எதை எங்க கொண்டாந்து வெக்கறதுன்னு உனக்குமா தெரியாது?"

"முட்டை இல்லீங் மாமா. வெறும் அட்டைங்க."

"அட்டை மேல ஒட்டிட்டு இருக்கறது என்ன, சந்தனமா?"

தப்பு என்னுடையதுதான். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்திப் பெரியம்மாவிடம் சொன்னார்: "நானும் நாலு வருசமாப் பாத்துட்டுத்தான் இருக்கறேன், டீச்சரம்மா. நம்ம புள்ளைங்கன்னாப் பரவால்லீங்க. அந்த இந்திக்காரப் புள்ளைங்க எல்லாம் மண்டபத்துல வந்து உழுந்து பொரளுதுங்க. ஊர்ல நாலு பேரு கேக்கறாங்கல்லங்க."

அப்போது ஏறியதுதான் எனக்குக் கோபம். இந்த ஊரே முட்டையில் பிழைக்கிற ஊர். மாமாவுக்கே இரண்டு பண்ணை இருக்கிறது. மண்டபத்துத் தூண்களில் பாதி கோழிப்பண்ணைக்காரர்கள் உபயம், பெயர்கூடப் பொறித்திருக்கிறது. அந்தப் பண்ணைகளில் தீவனம் கொட்டி, எச்சம் வாரி, முட்டை பொறுக்குகிற கைகள் யாருடையவை? ஒடியா பேசினாலும் பீகாரி பேசினாலும் இவர்களுக்கு எல்லோரும் இந்திக்காரர்கள். முட்டை அட்டை ஒரு சாக்கு. அந்தச் சாக்கை எடுத்துக் கொடுத்தவள் நான் என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

பெரியம்மா சண்டை போடவில்லை. "தப்புத்தானுங்க" என்று சொல்லிவிட்டு, தரையைத் தானே துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கும் எனக்குக் கோபம்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்து, பூட்டிய மண்டபத்தின் படியில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ விரட்டிவிட்டார்கள். அதைக் கேட்ட அன்று பெரியம்மா வண்ணப் பெட்டிகளை எல்லாம் பரணில் தூக்கிப் போட்டார். பள்ளியிலிருந்து விடைபெற்ற அன்று அழாத மனுஷி, அன்று சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் வந்த நாட்களில் அவர் ஒரு கதை சொல்லவில்லை. ஒரு காகிதத்தை மடிக்கவில்லை. சொந்தக்காரர்கள் வந்து ஆறுதல் சொன்ன அழகைச் சொல்ல வேண்டுமா? "பென்சன் வருதில்ல, ஊட்ல உக்காந்து டிவி பாக்கறதுக்கு என்ன நோவு?" முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியவரிடம் கேட்கிற கேள்வியா இது? மண்டபம் திறக்கவில்லை என்றால் இவர் இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து வற்றிப் போய்விடுவார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஆடி பிறந்தபின் ஒரு மத்தியானம் நான் தனியாகக் கோயிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அம்மனிடம் சண்டை போட்டேன். ஜெபம், வேண்டுதல் என்றெல்லாம் நான் அதற்குப் பெயர் வைக்க மாட்டேன். "போர்வெல் போட இடம் கேட்டு வருகிறவனுக்கெல்லாம் பூக் கொடுக்கிறாய். பெண் கேட்டுப் போகலாமா என்று வருகிறவனுக்கும் கொடுக்கிறாய். உன் வாசலில் உட்கார்ந்து கதை சொல்லும் பிள்ளைகளுக்கு உன்னிடம் இடம் இல்லையா? இல்லையென்றால் சொல்லிவிடு. இனி நான் இந்தப் படி ஏற மாட்டேன்." கண்ணீரோடு கேட்டேன் என்று எழுத ஆசைதான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பெரியம்மா முகம் கழுவித் தலை சீவி உட்கார்ந்திருந்தார். "பூக் கேட்டுப் பாக்கலாம் கண்ணு. பழனியப்பண்ணங்கிட்டப் பேசிட்டேன். பதினெட்டாம் பெருக்கு அன்னைக்கு." நான் அங்கே கேட்டதை அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

வெளியூர்க்காரர்களுக்காக வழக்கத்தைச் சொல்கிறேன். பூசாரி இரண்டு அரளிப் பூக்களைத் தண்ணீரில் நனைத்து, வெள்ளையை அம்மனின் வலது தோளிலும் சிவப்பை இடது தோளிலும் ஒட்டி வைப்பார். வெள்ளை முதலில் விழுந்தால் உத்தரவு. சிவப்பு விழுந்தால் இல்லை. யாருக்காகக் கேட்கிறோமோ அவர்கள் எதிரில் உட்கார வேண்டும். பூ விழும்வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. ஒரு ஆள் எழுந்தாலும் கேட்டது செல்லாது. மறுபடி அடுத்த ஆடிக்குத்தான் கேட்கலாம்.

மாமா உடனே ஒத்துக்கொண்டதன் காரணம் அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இருபத்து மூன்று பிள்ளைகள். அவர்களோடு பெரியம்மா, நான், மாமா என எல்லோரும் அம்மனுக்கு எதிரில் வட்டமாக. பக்கத்தில் இருந்தவரிடம் மாமா மெதுவாகத்தான் சொன்னார், என் காதில் விழுந்தது: "இதுங்களாவது உக்கார்றதாவது. கால் மணி நேரம் தாங்காது."

வழக்கமாகப் பத்து நிமிடத்தில் விழுந்துவிடும். அன்று காலையிலிருந்தே தூறல். காற்றில் ஈரம். பூ இரண்டும் ஒட்டியது ஒட்டியபடி நின்றன. அரை மணி ஆயிற்று. ஒரு பையன் நெளிய ஆரம்பித்தான். ஒரு குட்டிப் பெண் ஒன்றுக்கு வருகிறது என்று சாடை காட்டினாள். நான் வெள்ளைப் பூவை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விழு, விழு, விழு. அதைத் தவிர என் மனதில் எதுவும் இல்லை.

அப்போது பெரியம்மா வாயைத் திறந்தார். இரண்டரை வாரத்துக்குப் பிறகு அவர் கதை சொல்லும் குரலைக் கேட்டேன்.

"ஒரு பண்ணையில ஒரு கோழி இருந்துச்சு. கூண்டுல நின்னு நின்னு அதுக்குக் காலு வலிச்சுது. அடுத்த வரி யாரு சொல்றது? எந்திரிக்காமச் சொல்லோணும்."

இருபத்து மூன்று முதுகுகளும் நிமிர்ந்தன.

"கம்பியக் கொத்திக் கொத்தி வெளிய வந்துருச்சுங் டீச்சர்."

"பைபாஸ் ரோட்டுல நடந்து போச்சு. எதுத்தாப்புல போர்வெல் போடற ரிக்கு லாரி வந்துச்சு. டிரைவரு ஆரன் அடி அடின்னு அடிச்சாரு."

அடுத்தது பிங்கி. மாமாவின் பண்ணையிலேயே வேலை செய்கிறவர்களின் மகள். ஒன்பது வயது. "கோழி நவுரவே இல்ல. 'நீ சுத்திக்கிட்டுப் போ சாமி, எனக்குக் காலு வலிக்குது'ன்னு சொல்லிப் போட்டுது."

பூசாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஒடிசாவில் பிறந்த பிள்ளையின் வாயில் அப்படிக் கொங்குப் பேச்சு. மாமாவும் திரும்பிப் பார்த்தார்.

கோழி நடந்தது. டீக்கடையில் பன் கேட்டது. பொறியியல் கல்லூரிப் பேருந்தில் ஏறி, பாடம் பிடிக்காமல் இறங்கிவிட்டது. நேரம் போனதே தெரியவில்லை. நெளிந்தவன் நெளியவில்லை. சாடை காட்டியவள் மறந்தே போனாள். கடைசியில் மழை வந்தது, கோழி ஓடி வந்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஒதுங்கியது. வட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒரு பொடியன் சொன்னான்: "அங்கியே முட்டை போட்டுருச்சு."

எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தோம். வட்டத்தில் அவனுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

பெரியம்மா அவரைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. "உங்க மொறைங்ணா."

"நா எதுக்குங்க, டீச்சரம்மா? புள்ளைங்க வெளையாட்டு."

"வட்டத்துல உக்காந்தவங்க ஒரு வரி சொல்லியாகோணுங்க."

மாமாவால் எழுந்திருக்கவும் முடியாது. எழுந்தால் அவரே வாக்கைக் கெடுத்தவர் ஆவார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிங்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, கோழியத் தொரத்தி உட்ருவீங்களா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கோழி என்னத்தக் கண்டுது. மழைக்கு வந்து ஒதுங்குச்சு... முட்டைய எடுத்து வெளிய பத்தரமா வெச்சுட்டாங்க. கோழி உள்ளயே இருந்துக்கிச்சு. அவ்வளவுதான். அடுத்த ஆளச் சொல்லச் சொல்லுங்க."

அடுத்த ஆளும் சொன்னான். அதற்கடுத்தவளும் சொன்னாள். கோழி அம்மனிடம் என்ன பேசியது என்று கதை எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பூசாரி, "ஏனுங், பூவுங்க" என்றார்.

வெள்ளைப் பூ பீடத்தில் கிடந்தது. சிவப்பு அப்படியே தோளில் இருந்தது.

"எப்பய்யா உழுந்துச்சு?" என்று மாமா கேட்டார்.

பூசாரி தலையைச் சொறிந்தார். "பாக்கலீங்க. கோழி என்ன பேசுச்சுன்னு கேட்டுட்டு இருந்தனுங்க."

"நீ ஏன் பாக்கல?" என்று மாமா என்னைப் பார்த்தார். முதல் அரை மணி நேரம் அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நானும் பார்க்கவில்லை. கதையில் இருந்தேன். மாமா தன் வரியைச் சொல்லி முடித்த பின் விழுந்ததா, முன்பே விழுந்துவிட்டதா, இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகள் மொத்தமாக எழுந்து கோயிலுக்குப் பின்புறம் ஒன்றுக்கு ஓடினார்கள். மாமா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெரியம்மாவின் கையில் கொடுத்தார்.

இதுதான் அம்மன் எனக்குச் செய்தது. பூவின் ஈரம் காய்ந்து விழுந்தது என்று என்னோடு படித்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஒன்றேகால் மணி நேரம் அதைக் காயவிடாமல் வைத்தது யார்? பத்து நிமிடத்தில் விழுந்திருந்தால் பூட்டு மட்டும்தான் திறந்திருக்கும். பெரியம்மா வாய் திறந்திருப்பாரா? மாமா தன் வாயால் அதைச் சொல்லியிருப்பாரா? நான் கேட்டது ஒரு உத்தரவு. அவள் அதைவிடப் பெரியதைக் கொடுத்தாள்.

இப்போது அட்டைகளை வெளியே வேப்பமரத்தடியில் நான் கழுவிக் காயவைத்துத்தான் கூழாக்குகிறேன். ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். திருவிழாவில் அந்தக் கோழிக் கதையையே நாடகமாகப் போட்டார்கள். பெரியம்மா பரணிலிருந்து இறக்கிய பெட்டிகள் மறுபடி மேலே ஏறவில்லை. பள்ளிக்கே போகாமல் இருந்த பிங்கியை அவரே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நான்காம் வகுப்பில் சேர்த்தார். ஊரில் நாலு பேர் இன்னமும் இந்திக்காரப் பிள்ளைகள் என்று முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருசுருவென்று ஏறுகிறது. நேராக அம்மனிடம் போய்க் கத்திவிட்டு வருகிறேன். முன்பு அம்மனிடம் அடக்கமாகப் பேசுவேன், மனதுக்குள் நம்ப மாட்டேன். இப்போது சண்டை போடுகிறேன், நம்புகிறேன்.

உங்களுக்கும் அப்படி ஒரு பூட்டு இருக்கலாம். மனம் சாந்தமான பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே போங்கள், கேட்டுவிடுங்கள். அவளுக்குக் கேட்கும். வழி இந்தப் பக்கமாக இருந்தால் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் மண்டபத்துக்கு வாருங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வட்டத்தில் உட்காருங்கள். பிள்ளைகள் கதையை எங்கே கொண்டுவந்து விட்டிருந்தாலும், உங்கள் முறை வரும்போது ஒரு வரி சொல்லியாக வேண்டும்.