ஈரம் அளக்கப் போன இடத்தில்

மழை பெய்தால் அதிசயமாகப் பார்க்கும் சீமையில், சுவரின் ஈரத்தை அளந்து வயிறு வளர்க்கிறவன் நான். என்ன வேலை என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்களிடம் மாட்டியிருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

வாசலில்

அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனி அண்ணாச்சி புது குடோன் கட்டி, வெளியே பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தார். தீபாவளிச் சரக்கு மொத்தமும் அதில்தான் ஏறப்போகிறது. புதுச் சுவரின் ஈரம் அந்தப் பெயிண்டைத் தாண்டி வெளியேறுமா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஈரம் உறிஞ்சும் உப்பைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, அந்தச் சுவரின் சிமெண்டுப் பூச்சில் வெட்டிய துண்டால் மூடி, ஓரத்தை மெழுகால் அடைத்து, தினமும் எடை போடுவேன். எடை ஏறினால் துண்டு வழியாக ஈரம் போகிறது என்று அர்த்தம். அந்த மெழுகை உருக்க ஸ்டவ்வும் தீப்பெட்டியுமாகப் பட்டாசுக் கம்பெனி வாசலில் போய் நின்ற மேதாவி நான்.

வாட்ச்மேன் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கேட்டார்: "ஈரம் அளக்க வந்தீகளா, எங்களுக்குக் குழி அளக்க வந்தீகளா?"

வெயிலில்

சாத்தூரில் நான் தங்கியிருந்த ரூமிலேயே மெழுகு வைத்து அடைத்து, பெயிண்ட் அடித்த துண்டு, அடிக்காத துண்டு என்று கிண்ணங்களைக் குடோன் மூலையில் வைத்தேன். மறுநாள் வந்தால் காணோம். வெளியே வெயிலில், பட்டாசுக்கான காகிதக் குழாய்களுக்கு நடுவில் காய்ந்துகொண்டிருந்தன. மெழுகு உருகி, துண்டெல்லாம் உப்புக்குள் விழுந்துகிடந்தது. பட்டாசு ஊரில் ஈரத்தைக் கண்டால் கை தானாக வெயிலைத் தேடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குழாய் காயவைக்கும் மாரியம்மாள் ஆறுதல் சொன்னார்: "உப்பு கசகசன்னு கெடந்துச்சு சார். பாவம், வெயில்ல வச்சா நல்லாயிரும்னு வச்சேன்."

பொட்டலில்

மறுபடி அளந்தேன். பெயிண்ட் அடித்த துண்டு ஈரத்தை விடவே இல்லை. அண்ணாச்சி ஒரு வாளித் தண்ணீரைச் சுவரில் வீசி, "ஒரு சொட்டு உள்ள வருதா சார்?" என்றார். வெளித் தண்ணீர் வராது, சுவருக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் சரக்கில்தான் ஏறும் என்றேன். அவர் நம்பவில்லை. பந்தயத்துக்கு ஒரு சரவெடியை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டினார்.

ஒரு வாரம் கழித்து, கம்பெனிக்கு வெகுதூரம் தள்ளி ஒரு பொட்டலில் கொளுத்தினோம். ஒரு வெடி வெடித்தது. மிச்சமெல்லாம் புகைந்து அடங்கியது. சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை அண்ணாச்சியும் பார்த்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "சத்தம் கம்மியாத்தான இப்ப எல்லாரும் கேக்காக? சரி சரி, லோடைப் பழைய குடோன்லயே இறக்குங்கப்பா."

நாள் தவறாமல் எடை போட்டுச் சொன்னதை நம்பாத ஊர், ஒரு சரம் வெடிக்காமல் போனதும் நம்பிவிட்டது.