புரட்டாமல் விட்ட மூன்று நாள்

எங்கள் கம்போஸ்ட் யார்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் மூக்கைப் பொத்துவார்கள். நானும் பொத்தினேன். அதற்கு முன் பதினாறு வருஷம் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்குப் போய் கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்தவள் நான். ஃபேக்டரியை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். ரயிலிறங்கி இரண்டு பஸ் மாறிப் போய்வர முடியவில்லை. எங்கள் ஊரில் ஆண்டர்சன்பேட்டையைத் தாண்டி தினேஷ் என்பவர் காளான் பண்ணை வைத்திருக்கிறார், காளானுக்குக் கம்போஸ்ட் எரு போட ஆள் தேடுகிறார் என்றார்கள். போனேன்.

தினேஷ் எங்கள் ஊர்ப் பையன்தான், கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். பேச்சுக் கொடுக்காமல் ஒரு பிடி குதிரை லத்தியை என் கையில் வைத்து, "பிழிஞ்சு பாருங்க மேரியக்கா" என்றார். விரல் இடுக்கில் ஈரம் தெரியலாம், சொட்டக் கூடாது. அன்று சொட்டியது. லாயத்தில் மழையில் போட்டு வைத்திருந்த லத்தி அது. லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று எனக்கு வேறு வேலையே இல்லை.

லத்தியை வைக்கும் விதம்

லத்தி வந்ததும் கூரைக்குக் கீழே, சிமெண்ட் தரையில், முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்ப வேண்டும். வெறும் மண்ணில் கொட்டினால் வேண்டாத பூஞ்சை ஏறும். மழை பட்டால் சத்தெல்லாம் ஓடிவிடும். உயரமாகக் குவித்தால் நாம் வேலை தொடங்கும் முன்பே தானாகச் சூடேறி வெந்துவிடும். குதிரை வைக்கோல் படுக்கையில் நின்றிருந்தால் அந்த வைக்கோலோடு சேர்த்தே வாங்கலாம். மரத்தூள் படுக்கை என்றால் வேண்டாம்.

பிறகு இன்னும் கொஞ்சம் வைக்கோல் கலந்து, தண்ணீர் தெளித்து, நெஞ்சு உயரத்துக்கு அம்பாரம் போடுவோம். இரண்டே நாளில் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும். மூன்று நான்கு நாளுக்கு ஒரு தரம் புரட்டி, வெளியில் இருப்பதை உள்ளேயும் உள்ளே இருப்பதை வெளியேயும் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் காற்று போகாது. புரட்டும்போது அம்மோனியா கிளம்பும். கண் எரியும். அந்த நெடி முழுக்க அடங்கின பிறகுதான் காளான் விதை போட முடியும்.

அம்பாரத்தை நாங்கள் சுவரோரமாகப் போட்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் முதல் வீடு அமராவதியக்காவுடையது.

அமராவதியக்கா

அவர் வீட்டுக்காரர் மைன்ஸில், தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கல் தூசி நெஞ்சில் படிந்துபோய், முன் அறையில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குவார். நாங்கள் புரட்டும் நாளில் அக்கா ஜன்னலை எல்லாம் சாத்தி, இடுக்கில் ஈரத் துணி திணிப்பார். யார்டை மூடச் சொல்லி முனிசிபாலிட்டியில் பெட்டிஷன் கொடுக்கத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு தரம் யார்டு கேட்டுக்கே வந்துவிட்டார்.

"அவரு மூச்சு உட முடியாம கெடக்கறாரு. நீ இன்னாத்துக்குடி எங்க தலமாட்டுல இத்தப் போட்டு கெளர்ற?"

பிழைப்புக்கு வந்திருக்கிறோம், வீட்டை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அக்கா திரும்பிப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த மாதம், ஒரு அம்பாரத்துக்கு மூன்றாவது புரட்டல் நாள். வைக்கோல் காய்ந்திருந்தது என்று முந்தின சாயங்காலமே தண்ணீரைத் தாராளமாக விட்டிருந்தோம். காலையில் நானும் யார்டில் வேலை செய்யும் மற்ற மூன்று பெண்களும் எரு புரட்டும் ஃபோர்க்கைக் கையில் எடுத்த நேரத்தில் சுவருக்கு அப்பால் அழுகைச் சத்தம் கேட்டது. அக்காவின் வீட்டுக்காரர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சுவரை ஒட்டியே ஷாமியானா போட்டார்கள். மகள் துபாயிலிருந்து வரும்வரை உடலை வைத்திருப்பார்கள் என்று தெரிந்தது.

தினேஷுக்குப் போன் போட்டேன். காளான் விதைக்கு ஆர்டர் சொல்லியாகிவிட்டது, இன்று புரட்டாவிட்டால் அம்பாரம் கெட்டுவிடும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

"சாவு ஊட்டுப் பக்கத்துல இத்தக் கெளற முடியாது தினேஷ்," என்றேன். "கடைசியா பாக்க வர்றவங்க மூக்கப் பொத்திக்கினுதான் அவரு பக்கத்துல நிக்கணுமா?"

 "சரிக்கா, உங்க இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டார்.

ஆவி எழும்பி அந்தப் பக்கம் போகாமல் இருக்கட்டும் என்று அம்பாரத்தின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினேன். அது இன்னும் பெரிய தப்பு. உள்ளே போன கொஞ்சநஞ்சக் காற்றும் நின்றுபோனது. எனக்கு அது தெரியாமல் இல்லை.

மறுநாள் மகள் வந்தாள். பௌத்த முறைப்படி பஞ்சசீலம் சொல்லி எடுத்துப் போனார்கள். நாங்களும் பின்னால் நடந்தோம். மூன்றாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருந்தோம்.

நான்காம் நாள்

தார்ப்பாயை நீக்கிக் குத்தினால் வெளிப்பக்கம் பழுப்பு, நடுவில் கறுப்பு. கொழகொழவென்று இருந்தது, முட்டை அழுகின நாற்றம். எத்தனையோ அம்பாரம் போட்டிருக்கிறேன், அப்படி ஒரு நாற்றம் எங்கள் யார்டில் கிளம்பியதில்லை. அந்த நேரம் பார்த்து அமராவதியக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். இன்றைக்கு அடிதான் என்று நினைத்தேன்.

அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அம்பாரத்தைப் பார்த்தார். மூன்று நாளாக ஏன் புரட்டவில்லை என்று கேட்டார். சொன்னேன். அதனால்தான் இப்படிக் கெட்டதா என்றார். ஆமாம் என்றேன். பிறகு, மூன்று நாளாக மனதை அரித்ததையும் கேட்டேன். எங்கள் நெடியால்தான் அவருக்கு இப்படி ஆனதா என்று.

"அது மைன்ஸு ஷாஃப்ட்டுல இருந்தே அவரு கூட வந்த மூச்சு," என்றார் அக்கா. "உன்னால எரிச்சல் ஜாஸ்தி ஆச்சு, அது நெஜம். உசுரு உன்னால போகல."

நான் ஃபோர்க்கை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றேன். அழுதேனா என்று மற்றவர்களைத்தான் கேட்க வேண்டும். அக்கா கேட் வரை போய்த் திரும்பினார்.

"பெட்டிஷன வுட்டுருவேன்னு நெனைக்காத. இத்த அந்த மூலைக்குத் தள்ளிப் போடு. எந்த நாள் கெளர்றன்னு முன்னாடியே வந்து சொல்லு. அப்பறம் பாக்கலாம்."

நடுவில் கெட்டதைத் தனியாக எடுத்துத் தென்னைக்குப் போட்டோம். மிச்சத்தில் காய்ந்த வைக்கோலும் ஜிப்சமும் கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் புரட்டி ஒருவாறு தேற்றினோம். காளான் தாமதமாக, கொஞ்சமாகத்தான் வந்தது. தினேஷ் என்னைத் திட்டவில்லை. அம்பாரம் போடும் இடத்தை யார்டின் தூரத்து மூலைக்கு மாற்ற, தரை போடும் கொத்தனாரை அவரே கூட்டிவந்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு அம்பாரம் போடும்போதும் புரட்டும் தேதிகளை அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். அந்தப் பெட்டிஷன் முனிசிபாலிட்டிக்குப் போகவேயில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல். மற்ற பெண்கள் நாளைக்குப் புரட்டலாம் என்று தள்ளிவிட்டார்கள். சாயங்காலம் ஒரு தூக்குவாளியில் கஞ்சியோடு அமராவதியக்கா என் வீட்டு வாசலில் நின்றார்.

"இன்னிக்கு கெளர்ற நாளாச்சே, வாசனையே காணோமேன்னு பாத்தேன். இன்னா, ஒடம்பு சரியில்லையா?"

புதிதாக வருகிறவர்களுக்கு லத்தியைப் பிழிந்து பார்க்க இப்போது நான்தான் கற்றுக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை வைத்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் போய், யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு உடம்பு முடியவில்லை என்று கேட்டுக்கொண்டு வரச் சொல்கிறேன். நாம் போடுகிற எருவை முதலில் சுவாசிக்கிறவர்கள் அவர்கள்தான்.